ஓராண்டு உலகப் பிரயாணமும் புறப்படுமுன் தீர்க்கும் கணக்கும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

நம் ஜமாஅத்து வாலிபர்களிடையே இப்பொழுது ஒரு பேச்சு அடிபடுகின்றது. நாலைந்து வருஷம் உழைத்துச் சேர்த்த பணத்தைக் கொண்டு, வேலைக்கு ஓராண்டு விடுப்புச் சொல்லிவிட்டு, உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவது என்பதே அப்பேச்சு. பெரியவர்களில் சிலர், "ஹஜ்ஜுக்குப் போகாதவனுக்கு உலகம் எதற்கு? இது வீண் விரயம்" என்று கோபிக்கின்றார்கள். வாலிபர்களோ, "பூமியில் சுற்றிப் பார்க்கும்படி திருமறையே ஏவவில்லையா?" என்று கேட்கின்றார்கள். இரு சாராருமே மார்க்கத்தின் பெயரால்தான் பேசுகின்றார்கள். ஆகவே இதை நிதானமாக எடுத்து வைத்துப் பார்ப்பது அவசியமாகின்றது. பத்வா கொடுப்பது ஆலிம்களின் வேலை. அதில் நாம் தலையிடவில்லை. கடை வைத்திருப்பவர்கள் வருஷ முடிவில் பேரேட்டை விரித்து ஐந்தொகை பார்ப்பதைப்போல, இந்தப் பிரயாணத்துக்கும் ஒரு கணக்குப் பார்க்கின்றோம். அவ்வளவே.

முதலில் பிரயாணம் கூடுமா என்ற கேள்வி. தாராளமாகக் கூடும். முன் சென்ற சமூகத்தாரின் முடிவு என்னவாயிற்று என்று பூமியில் நடந்து பார்க்கும்படி அல்லாஹுத் தஆலா திருமறையிலே பல இடங்களில் கட்டளையிடுகின்றான். ஆனால் அந்தக் கட்டளை கண்ணுக்கு வேடிக்கை காட்டுவதற்காக அன்று. கல்புக்குப் படிப்பினை கொடுப்பதற்காக. ஸ்பெயின் தேசத்துக் குர்துபாவில் 785-ஆம் ஆண்டு தொடங்கிக் கட்டிய பெரிய பள்ளிவாசல், 1236-ஆம் ஆண்டிலிருந்து கிறிஸ்தவ ஆலயமாக இருக்கின்றது. அதன் தூண்களுக்கிடையே நின்று படம் பிடித்துக்கொண்டு திரும்புகிறவன் ஒருவன். இவ்வளவு பெரிய ராஜ்யம் எதனால் சரிந்தது என்று யோசித்துக்கொண்டு திரும்புகிறவன் மற்றொருவன். இருவரும் கொடுத்த கட்டணம் ஒன்றுதான். கொண்டு வந்த சரக்குத்தான் வேறு.

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரத்திலே 1794-ஆம் ஆண்டு தோன்றிய அவ்வல் பள்ளிவாசல் இருக்கின்றது. அதன் முதல் இமாம் துவான் குரு அவர்கள் நம்முடைய இந்தக் கிழக்குத் தீவுகளைச் சேர்ந்த திடோரே தீவுக்காரர். டச்சுக்காரர்கள் அவர்களைக் கைதியாக ராபின் தீவுக்கு அனுப்பினார்கள். அங்கே முஸ்ஹபு கையில் இல்லாத நிலையில், மனனமாக இருந்த குர்ஆனைத் தம் கையாலேயே எழுதி முடித்தார்கள். அதைப் பார்த்து வருகிற நம் பிள்ளை, வீட்டு அலமாரியில் இருக்கும் குர்ஆன் மீது படிந்த தூசியைத் தட்டுவானானால் அந்தப் பிரயாணம் லாபமே. அமல்கள் யாவும் நிய்யத்தைக் கொண்டே என்ற அடிப்படை இங்கேயும் பொருந்தும்.

இரண்டாவது, திட்டம். "அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று சொல்லிப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவது தவக்குல் ஆகாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின்மீது நம்பிக்கை வைக்கும்படியே நாயகம் (ஸல்) அவர்கள் போதித்திருக்கின்றார்கள். 622-ஆம் ஆண்டின் ஹிஜ்ரத்தைச் சிந்தித்துப் பாருங்கள். அபூபக்கர் (ரலி) அவர்கள் மாதக்கணக்கில் தீனி போட்டு இரண்டு ஒட்டகங்களை ஆயத்தமாக வைத்திருந்தார்கள். வழிகாட்டியாக அமர்த்திய அப்துல்லாஹ் இப்னு உரைக்கித் அந்நாளில் முஸ்லிம் அல்லர். ஆயினும் பாதை தெரிந்தவர், நம்பத் தகுந்தவர். மதீனா வடக்கே இருக்க, எதிரிகளை ஏமாற்றத் தெற்கே உள்ள தௌர் குகைக்குப் போய் மூன்று இரவுகள் தங்கினார்கள். செய்தி கொண்டுவர ஒருவர், உணவு அனுப்ப அஸ்மா (ரலி) அவர்கள், பால் கொடுக்க ஆடுகளை அந்தப் பக்கம் ஓட்டி வர ஒருவர் என்று எல்லாம் முன்கூட்டியே ஏற்பாடாகியிருந்தது. வஹீ இறங்கிய நபியவர்களே இவ்வளவு ஏற்பாடு செய்தார்கள் என்றால் நாம் எம்மாத்திரம்?

இக்காலத்தில் பெரிய ஆகாய விமானக் கம்பெனிகள் கூட்டாகச் சேர்ந்து உலகச் சுற்றுச் சீட்டு விற்கின்றன. மேற்கே புறப்பட்டவர் மேற்காகவே போய், அட்லாண்டிக்கை ஒரு முறை, பசிபிக்கை ஒரு முறை கடந்து, ஓராண்டுக்குள் புறப்பட்ட இடம் வந்து சேர வேண்டும். பல தேசங்களில் இறங்கும்போது பாஸ்போர்ட்டில் இன்னும் ஆறு மாதத் தவணை மீதி இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். ஆகவே ஓராண்டுப் பிரயாணத்துக்குப் புறப்படும் நாளில் ஒன்றரை வருஷத் தவணை கையில் இருப்பது நலம். ஐரோப்பாவின் ஷெங்கன் தேசங்களில் நம்மவர்கள் விசா இன்றி எந்த 180 நாளிலும் 90 நாள்தான் தங்கலாம். ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் ஊசியைக் குறைந்தது 10 நாட்களுக்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். இவையெல்லாம் ஒட்டகத்தைக் கட்டுகிற வேலையே.

மூன்றாவது, கொடுக்கல் வாங்கல். அதே ஹிஜ்ரத்து இரவில், தம்மைக் கொல்ல வாள் ஏந்தி நின்றவர்களின் ஊராருடைய அமானிதங்கள் நாயகம் (ஸல்) அவர்களிடம் இருந்தன. அவற்றை உரியவர்களிடம் ஒப்படைப்பதற்காக அலீ (ரலி) அவர்களை மக்காவிலே நிறுத்திவிட்டுத்தான் புறப்பட்டார்கள். உயிருக்கு ஆபத்தான நேரத்திலும் பிறர் பொருளை மறக்கவில்லை. நம்முடைய நிலை என்ன? கடையில் பற்று வைத்த பாக்கி ஒரு பக்கம், சகோதரனிடம் வாங்கிய கைம்மாற்று ஒரு பக்கம், வங்கிக் கடன் ஒரு பக்கம் இருக்க, விமானச் சீட்டு எடுக்கலாமா? கடனாளியாக இறந்த ஒருவரின் ஜனாஸாவை, மற்றொருவர் அந்தக் கடனை ஏற்றுக்கொள்ளும் வரையில் தொழ வைக்காமல் நபியவர்கள் நின்றார்கள் என்பதை மதரஸாவில் ஓதிய பிள்ளைகள் அறிவார்கள். தவணை வராத கடனென்றால் கடன் கொடுத்தவரிடம் சொல்லி, அவர் மனம் பொருந்திய பிறகே போக வேண்டும். நாம் இல்லாத சமயத்தில் கட்டுவதற்கு ஒருவரைப் பொறுப்பாக்கி, எழுத்திலே வைக்க வேண்டும். வஸிய்யத்தும் எழுதி இருவர் சாட்சியுடன் வீட்டில் இருக்கட்டும். அதிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்பது சட்டம்.

நான்காவது, ஜகாத். இங்கேதான் பலர் கவனிக்காத ஒன்று இருக்கின்றது. ஹிஜ்ரி ஆண்டு 354 அல்லது 355 நாட்கள் கொண்டது. ஓராண்டு என்று 365 நாள் பிரயாணம் போனால், எந்த மாதம் புறப்பட்டாலும் ஒரு முழு ஹிஜ்ரி ஆண்டு அதற்குள் அடங்கிவிடும். அதாவது ரமலான் தப்பாமல் வரும். இரு பெருநாட்களும் வரும். நம் சரக்குக்கும் சேமிப்புக்கும் ஜகாத்துத் தவணையும் வரும். பிரயாணத்துக்கென்று சேர்த்த பணமாயிற்றே என்று அதை ஒதுக்கிவிட முடியாது. மலேசியாவில் 85 கிராம் தங்கத்தின் விலையை நிஸாபாகக் கொள்கின்றார்கள். அதற்குக் குறையாத பணம் ஒரு ஹிஜ்ரி ஆண்டு கையில் இருந்தால் நூற்றுக்கு இரண்டரை கொடுக்க வேண்டும். 80,000 வெள்ளி சேர்த்தவருக்கு அது 2,000 வெள்ளி. அந்த இரண்டாயிரம் நம்முடையதன்று, ஏழையின் பங்கு. ஏழையின் பங்கைக் கொண்டு பாரிஸ் நகரத்துக் கோபுரத்தின்மேல் ஏறி நிற்க வேண்டுமா?

ஐந்தாவது, ஹஜ்ஜு. பெரியவர்களின் கோபத்தில் நியாயம் இருக்கின்றது. உலகத்தைச் சுற்றி வரப் பணமும் உடம்பும் உள்ளவனுக்கு ஹஜ்ஜு கடமையாகிவிட்டது. ஆனால் வாலிபர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. ஆயிரம் முஸ்லிம்களுக்கு ஒருவர் என்ற அளவில் நாட்டுக்கு நாடு எண்ணிக்கை வரையறுக்கப்பட்டு 1980-களின் பிற்பகுதியிலிருந்து நடைமுறையில் இருக்கின்றது. 1963-ஆம் ஆண்டிலிருந்து இந்நாட்டு ஹாஜிகளுக்குச் சேவை செய்யும் தாபோங் ஹாஜியில் இன்று பெயர் பதிகிறவர்கள் பல பத்தாண்டுகள் காத்திருக்க வேண்டியிருக்கின்றது. ஆகவே நமது யோசனை இதுவே: உலகச் சீட்டு எடுக்கும் முன்பு ஹஜ்ஜுக்குப் பெயரைப் பதிந்துவிடுங்கள். அதற்குரிய பணத்தைத் தொடாமல் தனியாக வையுங்கள். மேற்கே போகிறவருக்கு ஜித்தா வழியிலேயே இருக்கின்றது. முதல் நிறுத்தமாக உம்ராவைச் செய்து, கஃபாவின் முன்னே நின்று மீதிப் பிரயாணத்துக்கு துஆக் கேளுங்கள்.

ஆறாவது, தொழுகை. சுமார் 80 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பிரயாணத்தில் நாலு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கலாம். ஆனால் ஓராண்டு முழுவதும் முஸாபிர் என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது. ஓர் ஊரில் போன நாளும் திரும்பும் நாளும் நீங்கலாக நாலு நாள் தங்க நிய்யத் வைத்தால் ஷாஃபி மத்ஹபுப்படி முழுமையாகத் தொழ வேண்டும். ஹனஃபிகளுக்கு அந்தக் கணக்கு 15 நாள். பினாங்கில் மேற்கு நோக்கி நிற்கும் நமக்கு நியூயார்க்கில் கிப்லா வடகிழக்கு. பசிபிக் மாகடலிலே, கஃபாவுக்கு நேர் அடிப்பக்கமான இடம் பிரெஞ்சுப் பாலினேசியத் தீவுகளை அடுத்து இருக்கின்றது. அங்கே நின்றால் எத்திசை நோக்கினும் கிப்லாவே! நார்வேயின் டிரோம்ஸோ நகரத்தில் மே மாதக் கடைசி முதல் ஜூலை மாதம் வரையில் சூரியன் மறைவதில்லை. அங்கே பக்கத்து ஊர் நேரத்தையோ மக்கா நேரத்தையோ பின்பற்றலாம் என்று ஆலிம்கள் வழி காட்டியிருக்கின்றார்கள்.

வெள்ளிக்கிழமையே காணாமல் போவதும் உண்டு. லாஸ் ஏஞ்சல்ஸில் வியாழன் இரவு ஏறுகிறவர் ஆக்லாந்தில் சனிக்கிழமை காலை இறங்குகின்றார். 1522-ஆம் ஆண்டு மகெல்லனுடைய கப்பலில் உலகைச் சுற்றி வந்த மாலுமிகள், நாள் தவறாமல் குறிப்பெழுதியும் தங்கள் கணக்கில் ஒரு நாள் குறைவதைக் கண்டு திகைத்தார்கள். சமோவா தேசத்தார் 2011 டிசம்பர் 30-ஆம் தேதியாகிய வெள்ளிக்கிழமையைத் தங்கள் காலண்டரிலிருந்தே நீக்கிவிட்டார்கள். நாளும் கிழமையும் மனிதன் போட்ட கோட்டுக்கு அடங்கி மாறுகின்றன. நம்மீது கடமையான ஐந்து நேரத் தொழுகையோ எந்தக் கோட்டைக் கடந்தாலும் கூடவே வருகின்றது. பிரயாணிக்கு ஜும்ஆ கடமையில்லை, லுஹர் உண்டு.

சகோதரர்களே! இதுவரை சொன்ன கணக்கெல்லாம் பணத்தாலும் நேரத்தாலும் தீர்க்கக்கூடியவை. கடைசிக் கணக்கு அப்படிப்பட்டதன்று.

இப்னு பதூதா என்ற மகா பிரயாணியை அறியாதவர் யார்? மொராக்கோவின் தஞ்சா நகரத்திலிருந்து 1325-ஆம் ஆண்டு, 21 வயதில், ஹஜ்ஜை நாடித் தன்னந்தனியே புறப்பட்டார். தாயும் தகப்பனும் உயிரோடு இருந்தார்கள். பிரிவு இரு பக்கமும் வேதனையாயிருந்தது. பிறகு உலகம் அவரை இழுத்துக்கொண்டு போயிற்று. டில்லியில் காஜியாக இருந்தார். மாலத்தீவு, இலங்கை, நம் முன்னோர்களின் மஃபர் நாடாகிய மதுரை, சுமத்ராவின் பாசாய் எல்லாம் கண்டார். 1348-ஆம் ஆண்டு டமாஸ்கஸுக்குத் திரும்பி வந்தபோதுதான், தகப்பனார் 15 வருஷங்களுக்கு முன்பே மவுத்தாகிவிட்ட செய்தி அவருக்குக் கிடைத்தது. அந்த ஊரில் விட்டுச் சென்ற மகனும் இறந்து போயிருந்தான். 1349-இல் தாய்நாட்டை அடைந்தார். அவர் வந்து சேருமுன் கொள்ளை நோய் தாயாரையும் கொண்டு போய்விட்டது. உலகம் புகழும் அவருடைய பிரயாண நூல் 1355-இல் எழுதி முடிந்தது. அதை வாசித்துக் காட்டுவதற்குத் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை.

நமக்கு இது தூரத்துக் கதையன்று. ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு வந்த நம் பாட்டன்மார்கள், தகப்பன்மார்கள் வயிற்றுப்பாட்டுக்காக வந்தார்கள். மூன்று வருஷம், நாலு வருஷத்துக்கு ஒரு முறை ஊர் போனவர்கள் எத்தனை பேர்! தந்தி வந்து சேர்வதற்குள் மையித்து அடங்கிவிட்ட வீடுகள் எத்தனை! அவர்களுக்கு வேறு வழியில்லை. நமக்கு வழி இருக்கின்றது. கையிலுள்ள தொலைபேசியில் தாயின் முகத்தைப் பார்க்கலாம் என்பீர்கள். பார்க்கலாம், தண்ணீர் எடுத்துக் கொடுக்க முடியுமா?

ஜிஹாதுக்குப் போக அனுமதி கேட்டு வந்த ஒருவரிடம், பெற்றோர் இருக்கிறார்களா என்று விசாரித்து, அவர்களுக்குப் பணிவிடை செய்வதையே ஜிஹாதாகக் கொள்ளும்படி நாயகம் (ஸல்) அவர்கள் திருப்பியனுப்பினார்கள். ஜிஹாதுக்கே அப்படியென்றால் சுற்றுலாவுக்கு எப்படி? உமர் (ரலி) அவர்கள், போருக்குப் போன வீரர்களும் சில மாதங்களுக்கு மேல் மனைவியரைப் பிரிந்திருக்கக் கூடாதென்று வரம்பு வைத்தார்கள். மனைவியை விட்டுத் தனியாக ஓராண்டு போக எண்ணுகிறவர்கள் இதை யோசிக்கட்டும்.

ஆகவே வாலிபர்களே, புறப்படுமுன் தாய் தகப்பனிடம் சம்மதம் கேளுங்கள். "போய் வா" என்று வாய் சொல்லும்போது கண் என்ன சொல்கின்றது என்று பாருங்கள். நோயாளியாக இருந்தால் ஓராண்டை மூன்று மாதமாகக் குறையுங்கள். அல்லது காலத்தைத் தள்ளிப் போடுங்கள். மலைகள் அதே இடத்தில் நிற்கும். பெரியவர்களே, கணக்கெல்லாம் தீர்த்து, மனம் பொருந்தக் கேட்டு நிற்கும் பிள்ளையை மார்க்கத்தின் பெயரைச் சொல்லித் தடுக்காதீர்கள். துஆச் செய்து அனுப்பி வையுங்கள். பிரயாணியின் துஆவும் பிள்ளைக்காகப் பெற்றவர் கேட்கும் துஆவும் அல்லாஹ்விடம் மறுக்கப்படுவதில்லை என்று நாம் ஓதியிருக்கின்றோம். இரண்டும் ஒரே நாளில் மேலே செல்லட்டுமே!

நாம் ஒவ்வொருவரும் எப்படியும் ஒரு நீண்ட பிரயாணத்துக்குச் சீட்டு எடுத்தவர்களே. அதற்குத் திரும்புகிற தேதி இல்லை. சின்னப் பிரயாணத்துக்குக் கடன், அமானிதம், ஜகாத், தொழுகை, பெற்றோர் என்று கணக்குத் தீர்த்துப் பழகியவனுக்கு அந்தப் பெரிய பிரயாணமும் இலேசாகும்.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் பிரயாணங்களைப் படிப்பினையாகவும், நம் வீடுகளை நிம்மதியாகவும் ஆக்கி அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.