கையில் இருந்த புத்தகம்

தஞ்சாவூர், திருவாரூர் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் இப்போது அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கிறார்கள். அவர்களுடைய முதல் பயம் ஏ.பி. பாடங்கள். பள்ளியில் இருக்கும்போதே கல்லூரித் தரத்தில் படித்துத் தேர்வெழுதும் அந்த வசதி நம் மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் கிடையாது. ‘அது இல்லாமல் நம்மை யார் சேர்த்துக்கொள்வார்கள்?’ என்று பிள்ளை கலங்கினால், பெரியவர் யாராவது கணித மேதை ராமானுஜன் பெயரைச் சொல்லித் தட்டிக்கொடுப்பார். ராமானுஜன் கதை அவ்வளவு சுலபமான ஆறுதல் அல்ல.

கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் படித்துக்கொண்டிருந்தபோது, 1903-இல், ஜி. எஸ். கார் தொகுத்த கணித நூல் அவர் கைக்கு வந்தது. கேம்பிரிட்ஜ் தேர்வுக்கு மாணவர்களைத் தயார்செய்துவந்த ஒரு டியூஷன் ஆசிரியரின் தொகுப்பு அது, அப்போதே பழையது. ஆயிரக்கணக்கான தேற்றங்கள், பெரும்பாலும் நிரூபணம் இல்லாமல். உயர்கணிதம் என்று அவருக்கு வாய்த்தது பெரும்பாலும் அதுதான். காகிதம் வாங்கக் காசில்லை. சிலேட்டில் போட்டுப் பார்த்து, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் எழுதினார். வந்த வழி நோட்டில் இல்லை. கையில் இருந்த புத்தகத்தின் குறை, படித்தவரின் எழுத்திலும் ஏறிக்கொண்டது.

கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகை போயிற்று. சென்னை பச்சையப்பன் கல்லூரிக்கு வந்தும் எஃப்.ஏ. என்ற கல்லூரித் தேர்வில் தேறவில்லை.

1913 ஜனவரி 16 தேதியிட்டு அவர் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதம் புகழ்பெற்றது. எல்லோரும் அதிலுள்ள சூத்திரங்களைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்கு அதன் தொடக்கம் பிடிக்கும். சென்னைத் துறைமுகக் கணக்குப் பிரிவில் குமாஸ்தா, ஆண்டுக்கு 20 பவுண்டு சம்பளம், பல்கலைக்கழகப் படிப்பு கிடையாது, சாதாரணப் பள்ளிப்படிப்புதான் என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறார். கெஞ்சலும் இல்லை, சாக்கும் இல்லை. எங்கே நின்றுகொண்டு இதைச் செய்தேன் என்பதை அறிந்த பிறகு கணக்கைப் பாருங்கள் என்கிறார்.

இன்று அந்த அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல கேட்பதும் இதையே: உன் பள்ளியில் என்ன இருந்தது, அதை வைத்து நீ என்ன செய்தாய்? பதிலின் முதல் பாதியைப் பள்ளிதான் எழுத வேண்டும். நம் தலைமையாசிரியர்களோ நன்னடத்தைச் சான்றிதழ் எழுதிப் பழகியவர்கள். ‘எங்களிடம் இந்தப் பாடம் இல்லை, ஆய்வகம் அரைகுறை’ என்று எழுதினால் பள்ளியின் மானம் போய்விடும் என்று தயங்குவார்கள். எழுதாவிட்டால் பள்ளியின் குறை பிள்ளையின் குறையாகத் தெரியும். ராமானுஜனுக்கு எழுத ஆள் இருந்தது. வானிலைத் துறையின் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்து எழுதினார். பட்டம் இல்லாதவருக்கு விதியைத் தளர்த்தி மாதம் 75 ரூபாய் கொடுத்தார்கள். 1914-இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார், 1916-இல் கேம்பிரிட்ஜ் அவருடைய ஆராய்ச்சிக்காகப் பட்டம் தந்தது.

இதோடு நிறுத்தினால் கதை இனிக்கும். ஹார்டி நிறுத்தவில்லை. ராமானுஜன் முப்பத்திரண்டு வயதில் இறந்ததைவிட, வழிகாட்ட ஆளில்லாமல் கழிந்த இளமை ஆண்டுகளையே அவர் பெரிய துயரமாகக் கருதினார். ஐரோப்பாவில் முன்பே கண்டறியப்பட்ட பலவற்றை, அது தெரியாமல், ராமானுஜன் தன்னந்தனியாகத் திரும்பக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். ஏ.பி. போன்ற மேல்பாடம் என்பது விண்ணப்பத்துக்கு நகையல்ல. மற்றவர்கள் எதுவரை வந்திருக்கிறார்கள் என்று அது காட்டுகிறது. அது இல்லாததற்காகப் பிள்ளையின் மதிப்பைக் குறைக்காதீர்கள் என்று தொலைவில் இருப்பவர்களிடம் கேட்பது நியாயம். ‘அது இல்லாமலே ராமானுஜன் வரவில்லையா?’ என்று ஊருக்குள் பெருமை பேசுவது வேறு. இழந்ததை அந்தப் பெருமை இழப்பாகவே எண்ணுவதில்லை.

மன்னார்குடிப் பிள்ளை இன்று கைபேசியில் எம்.ஐ.டி. பாடங்களைக் காசில்லாமல் பார்க்கலாம். காரின் புத்தகத்தைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் போட்ட கணக்கை வாங்கிப் பார்த்து, ‘இது முன்பே வந்துவிட்டது தம்பி, அடுத்ததற்குப் போ’ என்று சொல்லும் ஆள் ஊரில் இன்னும் அரிது.