பயணத்தின் நோக்கம்

விசா விண்ணப்பத்தில் அந்தக் கேள்வி இருக்கிறது: பயணத்தின் நோக்கம் என்ன? எதிரே சின்னச் சின்னக் கட்டங்கள். சுற்றுலா, தொழில், உறவினரைப் பார்க்க, பண்பாடு, விளையாட்டு, மருத்துவம், படிப்பு. பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் எல்லாவற்றையும் மளமளவென்று நிரப்பிக்கொண்டு வந்தவன் அந்த இடத்தில் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

மகள் பிரான்ஸில் வேலை பார்க்கிறாள். வருகிற மே மாதம் எங்கள் இருவரையும் மத்தியதரைக் கடலோரத்து நீஸ் நகரத்துக்கு அழைத்துப்போய் எட்டு நாள் வைத்திருக்க வேண்டும் என்பது அவள் ஆசை. விசாவுக்காக நாள்வாரியாக ஒரு திட்டம் போட்டு அனுப்பியிருந்தாள். எந்த நாள் எங்கே தங்குகிறோம், என்ன பார்க்கிறோம் என்று சொல்ல வேண்டுமாம். அதோடு வங்கிக் கணக்கு விவரம், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, ஆளுக்கு 90 யூரோ கட்டணம். பணத்தை மகள் பார்த்துக்கொள்கிறாள். நான் மாட்டிக்கொண்டது அந்தக் கட்டத்தில்தான்.

"மகளப் பார்க்கன்னு போடுங்க" என்றாள் மனைவி.

அது பொய்யில்லை. ஆனால் மகள் இருப்பது வேறு ஊர். நீஸுக்குப் போவது ஊர் பார்க்க மட்டும்தான். அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்பது எனக்குப் புரிந்தது. பெற்ற மகளைப் பார்க்கப் போகிறவர்களை ஏன் போகிறாய் என்று யாரும் கேட்பதில்லை.

உளுந்தூர்பேட்டைக்காரர்களுக்குச் சாலை புதிதில்லை. சென்னை–திருச்சி நெடுஞ்சாலையோடு சேலம் சாலை வந்து சேர்கிற இடம் எங்கள் ஊர். ராத்திரி பதினோரு மணிக்கு மேல் மொட்டைமாடியில் நின்றால் தென்மாவட்டங்களுக்குப் போகிற பஸ்களின் வெளிச்சம் ஓயாது. தமிழ்நாட்டில் பாதிப்பேர் எங்கள் ஊரைத் தூங்கிக்கொண்டே கடந்திருப்பார்கள். ஊருக்குப் பேர் வந்த கதையே வழிப்போக்கனுடையதுதான். மிளகு மூட்டையோடு இந்த வழியாக வந்த வணிகன் ஒருவன் ராத்தங்கினான். இறைவன் கிழவராக வந்து மருந்துக்குக் கொஞ்சம் மிளகு கேட்டார். மூட்டையில் இருப்பது உளுந்து என்று சொல்லிவிட்டான். விடிந்து பார்த்தால் அத்தனையும் உளுந்து. உளுந்தாண்டார் கோயிலில் இன்றைக்கும் இந்தக் கதையைச் சொல்வார்கள்.

இப்படிச் சாலையிலேயே குடியிருந்தும், சும்மா ஊர் பார்க்கவென்று நாங்கள் பஸ் ஏறியதில்லை. கல்யாணம், சாவு, காதுகுத்து, கோர்ட்டு, ஆஸ்பத்திரி, கோயில். இவற்றில் ஒன்று இருந்தால்தான் வீட்டைப் பூட்டுவோம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. நாள் கூலிக்குப் போகிறவனுக்கு ஒரு நாள் பயணம் என்றால் பஸ் கட்டணத்தோடு அன்றைய கூலியும் போகிறது. அத்தனையையும் கொடுத்துவிட்டு எதற்குப் போனோம் என்று வீடு கேட்கத்தான் செய்யும். பெண்களிடம் இன்னும் கூடுதலாகக் கேட்கும். அதனால்தான் நம் பக்கத்துப் பெண்கள் ஊர் பார்த்ததெல்லாம் சாமி பேரைச் சொல்லித்தான். சிவப்புச் சேலை கட்டி மேல்மருவத்தூருக்கு வேனில் போனால், வழியில் என்று சொல்லிக்கொண்டு மாமல்லபுரம். சபரிமலைக்குப் போகிற ஆண்களுக்கும் அப்படித்தான் குற்றாலமும் கன்னியாகுமரியும். ஊர் பார்ப்பதற்கு நம்மிடம் 'வழியில்' என்று ஒரு சொல் இருந்தது. நேராக அதற்கென்றே போவதற்குச் சொல் இல்லை.

இந்த எண்ணம் எனக்குள் இவ்வளவு கனமாக இருப்பதற்குக் காரணம் என் அம்மா.

பாண்டிச்சேரிக் கடல் எங்களுக்குத் தூரமில்லை. எண்பது கிலோமீட்டர்கூட இல்லை. விழுப்புரத்தில் பஸ் மாறி வளவனூர், மதகடிப்பட்டு, வில்லியனூர் என்று போனால் பாண்டி. ஆனால் எங்கள் பக்கத்தில் "பாண்டிக்குப் போறேன்" என்று யாராவது சொன்னால் உடனே வருகிற கேள்வி, "யாருக்கு என்னா?" என்பதுதான். பாண்டி என்றால் ஜிப்மர். கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் ஏழைகளுக்கு அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கடைசி நம்பிக்கையாக இருக்கிற கோரிமேட்டு ஆஸ்பத்திரி. சென்னையிலிருந்து சனி ஞாயிறுக்கு வருகிறவர்களின் பாண்டி வேறு, எங்கள் பாண்டி வேறு.

அம்மாவுக்குப் புற்றுநோய். நாலு வருஷம் போய் வந்தோம். விடியற்காலை முதல் பஸ். மஞ்சப்பையில் ஃபைல், ஸ்கேன் படம், எலுமிச்சைச் சோறு, வெந்நீர் பாட்டில். ஓ.பி. சீட்டு, ரத்தப் பரிசோதனை, மருந்து வாங்கும் வரிசை, மறுபடியும் பஸ். எத்தனை முறை என்று நான் எண்ணவில்லை. அத்தனை முறையிலும் ஒருநாள்கூட நான் கடற்கரைக்குப் போனதில்லை. போக வேண்டும் என்று தோன்றியதுமில்லை.

ஒருநாள் ரிப்போர்ட் வர சாயந்தரம் நாலு மணி ஆகும் என்றார்கள். அம்மாவை மரத்தடியில் உட்காரவைத்துவிட்டு வரிசையில் நின்றேன். மதியம் வந்து பார்த்தால் ஆளில்லை. வார்டு வார்டாக ஓடினேன். மூன்றரை மணிக்கு ஒரு ஆட்டோவிலிருந்து இறங்கினாள். கூடவே அடிக்கடி எங்களோடு வரிசையில் உட்காருகிற வீராம்பட்டினத்து அக்கா. அவர் தன் வீட்டுக்காரருக்காக வந்துகொண்டிருந்தவர்.

"செங்கழுநீரம்மன் கோயிலுக்குப் போனோம்டா" என்றாள் அம்மா. நெற்றியில் குங்குமம் இருந்தது. ஆனால் சேலை முழங்கால் வரைக்கும் நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. கரையில் ஒரு விரல் அகலத்துக்கு மணல். காய்ந்த இடங்களில் உப்பு வெள்ளைக் கோடாகத் தெரிந்தது.

"கோயில்ல ஏதும்மா மணல்?"

பதில் சொல்லவில்லை. நான் கத்தினேன். ரத்த அணு குறைந்திருக்கிறது, சளி பிடித்தால் என்ன ஆவது, ஆஸ்பத்திரிக்கு வந்த இடத்தில் இதெல்லாம் தேவையா என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன். அம்மா குனிந்து கரையை ஒருமுறை பிழிந்தாள். "காஞ்சிரும்டா" என்றாள். அவ்வளவுதான். அதற்கடுத்த வருஷம் போய்விட்டாள்.

நீஸைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தபோதுதான் இது திரும்பவும் கிளம்பியது. அந்த ஊரின் கடற்கரைச் சாலை ஏழு கிலோமீட்டர் நீளம். அதன் பெயருக்கே 'ஆங்கிலேயர் நடைபாதை' என்றுதான் பொருள். 1820-களின் தொடக்கத்தில், வேலையில்லாமல் தவித்த ஏழைகளுக்குக் கூலி கொடுத்து, அங்கே குளிர்காலத்தைக் கழிக்க வந்த ஆங்கிலேயர் பணம் திரட்டிப் போட்ட பாதை. அவர்கள் அங்கே வந்ததற்கு முக்கியமான காரணம், உடம்பு. நெஞ்சுச்சளி, காசநோய் என்று வந்தால் குளிர்நாட்டு வைத்தியர்கள் மத்தியதரைக் கடலோரத்துக்குப் போகச் சொல்வார்கள். ஸ்மாலெட் என்ற ஸ்காட்லாந்து எழுத்தாளர் 1763 முதல் 1765 வரை அங்கே தங்கியது அதற்காகத்தான். ரஷ்ய எழுத்தாளர் செகாவ் காசநோயோடு 1897-98 குளிர்காலத்தை அங்கே கழித்தார். மகளின் திட்டத்தில் மூன்றாம் நாள் மத்தீஸ் அருங்காட்சியகம் இருக்கிறது. அந்த ஓவியரும் 1917-ல் மூச்சுக்குழல் அழற்சிக்குக் காற்று மாறத்தான் நீஸுக்கு வந்தார். வந்தவர் அந்த வெளிச்சத்தை விட்டுப் போக மனமில்லாமல் 1954-ல் சாகும்வரைக்கும் அந்தப் பக்கத்திலேயே இருந்துவிட்டார்.

உலகமே உல்லாசத்துக்குப் போகிற ஊர் ஒருகாலத்தில் யாருக்கு என்ன என்று கேட்கிற ஊராக இருந்திருக்கிறது. ஸ்மாலெட் ஒரு மே மாதம் கடலில் இறங்கிக் குளிக்கத் தொடங்கியபோது உள்ளூர்க்காரர்கள் திகைத்துப் போனார்களாம். இருமுகிற மனிதன் கடலில் இறங்குவதா என்று. அதைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நான் கத்தியது என் காதிலேயே கேட்டது.

மறுநாள் மனைவியிடம் சொன்னேன்: "அங்க போறதுக்கு முன்னாடி பாண்டிக்கு ஒருதரம் போயிட்டு வரலாம். சும்மா."

"சும்மான்னா?"

"ஆஸ்பத்திரிக்கு இல்லாம."

அதற்கும் திட்டம் போட்டோம். காலையில் மணக்குள விநாயகர், பாரதியார் வீடு, பாரதி பூங்காவில் ஆயி மண்டபம், அருங்காட்சியகம், சாயந்தரம் கடற்கரைச் சாலை. முதலில் கோயிலை எழுதியது மனைவி. பழக்கம்.

அருங்காட்சியகத்தில் நான் நின்றுவிட்ட இடம் அரிக்கமேட்டுக் கண்ணாடிப் பெட்டி. 1945-ல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டிய மேடு. மத்தியதரைக் கடலிலிருந்து வந்த ஆம்போரா ஜாடிகளின் உடைசல்கள் அங்கே கிடைத்தன. ஒயின், ஆலிவ் எண்ணெய், ஊறவைத்த மீன் சாறு வந்த ஜாடிகள். இத்தாலியில் வனைந்த சிவப்புக் கிண்ணங்கள். ஈராயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே அந்தக் கடல் இந்தக் கரைக்கு வந்துவிட்டுப் போயிருக்கிறது. வந்தவர்கள் எல்லாரும் நோக்கத்தோடு வந்தவர்கள்தான். மணி, துணி, மிளகு என்று கணக்கு வைத்து வந்த வணிகர்கள். ஆனாலும் சரக்கு ஏறுகிற வரைக்கும் அவர்களுக்கும் மாதக்கணக்கில் காத்திருப்பு இருந்திருக்கும். காற்று திரும்பினால்தானே கப்பல்.

காத்திருந்தவர்களில் எனக்கு மறக்க முடியாதவர் லெ ஜாந்தீய் என்ற பிரெஞ்சு வானியலாளர். சூரியனைச் சுக்கிரன் கடப்பதைப் பாண்டிச்சேரியிலிருந்து அளக்க வேண்டும் என்று 1760-ல் கிளம்பினார். வந்து சேருவதற்குள் பாண்டிச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. 1761-ல் அந்தக் காட்சியை ஆடுகிற கப்பலிலிருந்து பார்த்தார், அளக்க முடியவில்லை. அடுத்தது 1769-ல்தான் என்று எட்டு வருஷம் கீழைக்கடல்களிலேயே தங்கிவிட்டார். அந்த ஜூன் மாதக் காலையில், பாண்டிச்சேரியில், மேகம் மூடிக்கொண்டது. ஊர் திரும்பினால் அவர் செத்துவிட்டதாக நினைத்துச் சொத்தைப் பிரிக்கத் தொடங்கியிருந்தார்கள். நோக்கம் மொத்தமும் பாழ். ஆனால் காத்திருந்த காலத்தில் அந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டிருக்கவில்லை. கிரகணம் கணிக்கும் முறையைத் தமிழர்களிடம் கேட்டுக் கற்றுக்கொண்டு எழுதிவைத்தார். வீராம்பட்டினத்துப் பக்கம் ஆற்றங்கரையில் ஜனங்கள் பழங்காலச் செங்கல்லைத் தோண்டி எடுப்பதைப் பார்த்து அதையும் எழுதினார். அரிக்கமேட்டைப் பற்றிய பழைய குறிப்புகளில் அது ஒன்று.

நானும் காத்திருந்தேன், நாலு வருஷம். என் கையில் மிஞ்சியது டோக்கன் எண்கள்தான். எனக்குப் பதிலாக அம்மா பார்த்திருக்கிறாள்.

சாயந்தரம் ஆறு மணிக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். காந்தி சிலை, செஞ்சியிலிருந்து வந்த கல்தூண்கள், பழைய கலங்கரை விளக்கம், ஊர் ஜனம் மொத்தமும் நடக்கிறது. மனைவிக்குத் தண்ணீரில் கால் வைக்க வேண்டும். கரை நெடுகக் கருங்கல் பாறைகள். 1980-களில் துறைமுகத்துக்குக் கல்சுவர் கட்டிய பிறகு மணல் வரத்து நின்று, கடல் கரையைத் தின்ன, சாலையைக் காப்பாற்றக் கொட்டிய கற்கள். கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்த பிறகு தலைமைச் செயலகத்துக்கு எதிரே கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. அங்கே ஒரே கூட்டம். நீஸிலும் மணல் கிடையாது, கூழாங்கல்தான் என்று அவளிடம் சொன்னேன். அவள் கேட்டது வேறு: "அத்தை எங்க நனைஞ்சாங்க?"

அன்றைக்கே ஊர் திரும்புவதாகத்தான் இருந்தோம். திரும்பவில்லை. ஒரு விடுதியில் தங்கி, திட்டத்தில் இல்லாத மறுநாள் காலையில் அரியாங்குப்பம் தாண்டி வீராம்பட்டினம் போனோம். அம்மன் கோயில் திறந்திருந்தது. கும்பிட்டுவிட்டுத் தெருவைத் தாண்டினால் மணல். படகுகளை மேலே இழுத்துப் போட்டிருந்தார்கள். வலையில் சிக்கியிருந்த நண்டுகளை ஒருவர் கால் ஒடியாமல் பிரித்துக்கொண்டிருந்தார். அந்த அக்காவின் வீடு எது என்று எனக்குத் தெரியாது. பெயரைக்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. இவ்வளவு பேர் நடுவே என் அம்மாவைக் கடலுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று தோன்றியது அவர் ஒருவருக்குத்தான்.

மனைவி செருப்பை என்னிடம் கொடுத்துவிட்டு இறங்கினாள். முதல் அலைக்குச் சேலையைத் தூக்கிப் பிடித்தாள். இரண்டாவது அலை முழங்காலுக்கு வந்தது. பிறகு தூக்கிப் பிடிக்கவில்லை. அங்கேயே நின்றாள். எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை. நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். காலடியில் மணல் உருவிக்கொண்டு போகிறபோது உடம்பு ஒருபக்கமாகச் சாய்கிறது. அம்மாவுக்கும் அப்படித்தான் சாய்ந்திருக்கும். அந்த அக்கா கையைப் பிடித்திருப்பார்.

வந்ததும் மகளிடம் பேசினேன். ஐந்தாம் நாளில் மொனாக்கோ, ஏஸ் மலைக்கிராமம், இன்னும் இரண்டு இடங்கள் இருந்தன. அதை எடுத்துவிட்டுக் கடற்கரை என்று மட்டும் போடச் சொன்னேன். "நாள் முழுக்கவாப்பா?" என்றாள். நாள் முழுக்கத்தான். உங்கம்மாவுக்குக் கூழாங்கல்லில் உட்கார ஒரு நாற்காலியும், பக்கத்தில் அந்த ஊர்க் கடலைமாவு அடை விற்கிற கடையும் இருந்தால் போதும். விண்ணப்பத்தில் முதல் கட்டத்தில் குறியிட்டேன்.

பாண்டியிலிருந்து திரும்பிய அன்றைக்கு உளுந்தூர்பேட்டை பஸ் நிலையத்தில் இறங்கும்போது மனைவியின் சேலைக்கரை காய்ந்து விறைப்பாக இருந்தது. டீக்கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் பாலை இறக்கி வைத்துவிட்டு வெளியே வந்தார். அம்மாவுக்காக அலைந்த நாளெல்லாம் அவர் கடையில்தான் முதல் டீ.

"என்னா சார், பாண்டியிலேர்ந்தா? யாருக்கு என்னா?"

"யாருக்கும் ஒண்ணுமில்லைங்க. கடல் பார்க்கப் போனோம்" என்றாள் மனைவி.