பின்மூடிக்குள் ஒரு கீறல்

நண்பர் பழைய கைக்கடிகாரங்கள் சேர்ப்பவர். அண்மையில் வாங்கிய எச்.எம்.டி. ஜனதா ஒன்றை, 'இது அசல் இல்லை' என்று விற்றவரிடமே திருப்பிக் கொடுத்தார். அவர் சொன்னது சரிதான். டயலுக்குப் புதுப் பெயின்ட். நிமிடக் கோடுகள் மணிக்கோடுகளோடு சேராமல் விலகி நின்றன. மெஷினும் வேறொரு வாட்சிலிருந்து வந்தது. ஆனால் பின்மூடியின் உட்புறத்தில், ஊசிமுனையால் கீறிய 'ரா 12/74'. யாரோ ஒரு ரிப்பேர்காரர் சர்வீஸ் செய்துவிட்டு வைத்த அடையாளம். நண்பர் அதைக் கவனிக்கவில்லை. எனக்கோ அதுதான் கண்ணிலேயே நிற்கிறது.

பூர்வீகம் என்று தோண்டினால் ஜனதாவுக்கே இரண்டு ஊர். 1961-இல் பெங்களூரில் எச்.எம்.டி. வாட்ச் செய்யத் தொடங்கியது ஜப்பானின் சிட்டிசன் துணையோடு. டயலில் இருக்கும் 'பாரா ஷாக்' கூட, அதிர்ச்சி தாங்கும் அமைப்புக்கு சிட்டிசன் வைத்த பெயர்தான். ஆக, அசல் எந்த இடத்தில் ஆரம்பிக்கிறது?

அப்பாவிடமும் ஒரு ஜனதா இருந்தது. காலையில் ரேடியோ செய்தி தொடங்கும்போது குமிழை இரு விரலுக்கு நடுவே உருட்டிச் சாவி கொடுப்பார். இறுக்கம் தட்டியதும் விட்டுவிடுவார். கண்ணாடி மாறியது, முள் மாறியது, வார் எத்தனையோ முறை மாறியது. வீட்டில் யாரும் அதை வேறு வாட்ச் என்று சொன்னதில்லை.

'மிலிந்தன் கேள்விகள்' நூலில் துறவி நாகசேனர் மன்னனிடம் கேட்பார்: சக்கரமா தேர்? அச்சா தேர்? எதுவும் இல்லை, எல்லாம் கூடி நிற்பதற்கு வைத்த பெயர்தான் தேர் என்று பேச்சு முடியும். தேருக்கு அது போதும். ஒருவர் கையோடு கிடந்து வியர்வை குடித்த பொருளுக்குப் போதுமா? அந்த 'ரா' யாரென்று தெரியாது. 1974 டிசம்பரில் அதை ஓட வைத்தவர் அவர். பட்டறையில் பிறந்ததற்குச் சாட்சி டயல் என்றால், வாழ்ந்ததற்குச் சாட்சி இந்தக் கீறல்தானே?

நண்பர் பக்கமும் நியாயம் இருக்கிறது. கலப்படத்தை அசல் விலைக்கு விற்பது ஏமாற்று. அதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. ஆனால் எச்.எம்.டி. வாட்ச் நிறுவனத்தை மூட 2016-இல் மத்திய அரசு முடிவெடுத்துவிட்டது. மிச்சமிருக்கும் உதிரிகள் தீர்ந்தபின் ஒரு ஜனதா ஓட வேண்டுமானால் இன்னொரு ஜனதாவைப் பிரித்தாக வேண்டும். அப்போது எதை அசல் என்போம்? எனக்கு விடை பிடிபடவில்லை. பழைய வாட்சைப் பாலிஷுக்குக் கொடுப்பவர்கள், மூடியின் உட்புறத்தை மட்டும் தொட வேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள்.