பாதியில் நின்னா தோல்வியா?

ஓம் சரவணபவ!

"பெருசா வருவான்னு நினைச்சோம், வரல." இந்த ஒரு வரியில ஒருத்தரோட வாழ்க்கையையே முடிச்சிடுறோம். இது நியாயமா?

சென்னைப் பையன் லக்ஷ்மண் சிவராமகிருஷ்ணன். 1983-ல் 17 வயசுலயே டெஸ்ட் அறிமுகம். 1984-ல் பம்பாயில் இங்கிலாந்துக்கு எதிரா ஒரே டெஸ்ட்டில் 12 விக்கெட், இந்தியா ஜெயிச்சது. ஆனா மொத்தம் 9 டெஸ்ட், 26 விக்கெட்டோட அவரோட டெஸ்ட் வாழ்க்கை நின்னுடுச்சு. 'வீணாப் போன திறமை'ன்னு பேசுறவங்க உண்டு.

யோசிச்சுப் பாருங்க. அந்த 12 விக்கெட்டை அவர் நமக்கு எடுத்துக் கொடுத்துட்டார். இன்னும் நூறு எடுத்துத் தர்றேன்னு யாருக்கும் எழுதிக் கொடுக்கல. கணக்குப் போட்டது நாம. கடன்காரர் ஆனது அவர்.

நம்ம சங்கரன்கோவில் பக்கத்துல கழுகுமலை. கழுகாசலமூர்த்தியைக் கும்பிட்டுட்டு மலை ஏறினா வெட்டுவான் கோயில். 8-ம் நூற்றாண்டுல, பாண்டியர் காலத்தில், ஒரே பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கினது. விமானம் அவ்வளவு அழகு. அடிப்பகுதி முடியவே இல்ல. செதுக்கின வரைக்கும் பார்த்து அசந்துதானே நிக்கிறோம்?

அப்போ முயற்சியே வேண்டாமா? வேணும். உளி கையில் இருக்கிற வரைக்கும் செதுக்கணும். அது அவங்கவங்க கடமை. ஆனா அடுத்தவரிடம் மிச்சம் இருக்கிற பாறையை அளக்கிறது நம்ம வேலை இல்ல.

ஸ்கூல்ல முதல் மார்க் வாங்கி, இன்னைக்குச் சாதாரண வேலையில இருக்கிற அண்ணன் உங்க வீட்லயும் இருக்கலாம். 'நீ எங்கயோ போயிருக்க வேண்டிய ஆளு'ன்னு மட்டும் அவர்கிட்ட சொல்லாதீங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!