மச்ச நியாயமும் ஏர் டெக்கானும்

பெரிய மீன் சிறிய மீனை விழுங்கும் நிலைக்கு மச்ச நியாயம் என்று பெயர். அது நேராமல் தடுக்கவே அரசன் தேவைப்படுகிறான் என்பது அர்த்தசாஸ்திரத்தின் வாதம். திருட்டும் அடிதடியும் பெருகியபோது மக்கள் கூடி மகாசம்மதன் என்பவனை அரசனாகத் தெரிந்தெடுத்து, தம் நெல்லில் அவனுக்குப் பங்கு கொடுத்தார்கள் என்று பௌத்தத்தின் அக்கஞ்ஞ சுத்தம் சொல்கிறது. இரண்டிலுமே அரசின் காவல் எளியவருக்கானது. அந்தக் காவலுக்குள் வலியவர் புகுந்துகொண்டால் அது அறமாகுமா?

இந்திய வான்வழிப் போக்குவரத்து இக்கேள்வியை நேராகச் சந்தித்தது. 1953ஆம் ஆண்டுச் சட்டம் தனியார் விமான நிறுவனங்களை அரசுடைமையாக்கியது. உள்நாட்டுப் பறப்பு இந்தியன் ஏர்லைன்ஸின் தனியுரிமையாயிற்று. 1994இல் அச்சட்டம் நீங்கியது. 2003 ஆகஸ்டில் முன்னாள் இராணுவ அதிகாரி ஜி. ஆர். கோபிநாத், பெங்களூரிலிருந்து ஹுப்ளிக்குச் சிறிய ஏ.டி.ஆர். விமானத்தைப் பறக்கவிட்டு ஏர் டெக்கானைத் தொடங்கினார். பெரிய நிறுவனங்கள் எட்டிப்பார்க்காத ஊர்களுக்கு அது போனது. இலவசச் சாப்பாடு கிடையாது. டிக்கெட் பெட்ரோல் நிலையங்களிலும் கிடைத்தது. சில ஆசனங்களின் விலை ஒரு ரூபாய். ‘சூரரைப் போற்று’ (2020) கோபிநாத்தின் வாழ்க்கையைத் தழுவிய படம்.

2004இல் வந்த விதியொன்று, வெளிநாடு பறக்க விரும்பும் நிறுவனத்துக்கு ஐந்தாண்டு உள்நாட்டு அனுபவமும் இருபது விமானங்களும் வேண்டும் என்றது. முன்பே வளர்ந்துவிட்டவர்களுக்கு அது மதிலாக அமைந்தது. 2005இல் பறக்கத் தொடங்கிய கிங்ஃபிஷருக்கு விமானம் வாங்கப் பணம் இருந்தது, ஐந்தாண்டு இல்லை. டெக்கானோ பெரும் நட்டத்தில் இருந்தது. அதற்கு அதன் மலிவுக் கட்டணமும் ஒரு காரணம் என்பதை மறுக்க முடியாது. 2007இல் கிங்ஃபிஷரின் உரிமைக் குழுமம் டெக்கானின் பங்குகளை வாங்கியது. மறு ஆண்டில் இரண்டும் இணைந்தன. 2008 ஆகஸ்டில் டெக்கானுக்கு ஐந்து வயது நிறைந்தது. செப்டெம்பரில் கிங்ஃபிஷர் லண்டனுக்குப் பறந்தது. சிற்றூர்க்காரர்களை ஏற்றி இறக்கிச் சேர்த்த ஆண்டுகள், அவர்களுக்கு எந்தப் பயனும் இல்லாத வழித்தடத்துக்கு அனுமதிச்சீட்டாக மாறின. கொடுமை அதுதான். 2012இல் கிங்ஃபிஷரும் நின்றுபோனது.

இதனால் அரசுக் காவலே கூடாது என்றாகிவிடாது. இலங்கையின் மலைப்பகுதியான ஊவாவின் புகையிரதப் பாதை 1894இல் பண்டாரவளையை அடைந்தது. பதுளையைத் தொட மேலும் முப்பது ஆண்டு பிடித்தது. தெமோதரையில் அது நிலையத்தைக் கடந்து மலையைச் சுற்றி இறங்கி, அதே நிலையத்துக்கு அடியிலுள்ள சுரங்கத்தால் வெளியேறுகிறது. இலாபம் மட்டும் பார்ப்பவர் இப்படியொரு பாதையை இன்று போடமாட்டார். போட்டவர்கள் மனதில் இருந்ததும் தேயிலைதான். கொழுந்து பறித்தவர்கள் அல்லர். அந்த மக்களில் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. ஆனாலும் பாதை அரசின் கையில் இருப்பதால், பதுளைக்கு ஆஸ்பத்திரிக்கோ படிக்கவோ போகும் தோட்டத்துப் பிள்ளை குறைந்த கட்டணத்தில் ஏறிப் போக முடிகிறது. இங்கே காவல், வேறு வழியில்லாத பயணியைச் சேர்கிறது. விமான விதி காத்ததோ நிறுவனங்களின் இடத்தை.

2016இல் இந்தியா ஐந்தாண்டு நிபந்தனையைக் கைவிட்டது. உள்நாட்டில் இருபது விமானங்களாவது ஓட்ட வேண்டும் என்ற நிபந்தனையை வைத்துக்கொண்டது. ஏழெட்டு ஏ.டி.ஆர்.களோடு சிற்றூர்களை இணைக்கும் ஒருவருக்கு மதில் அதே உயரத்தில்தான் நின்றது.