சமதளம் யாருடையது?

கைபேசியை மொட்டைமாடியை நோக்கிப் பிடித்தால், கேமரா முதலில் ஒரு சமதளத்தைத் தேடும். கிடைத்ததும் அதன்மேல் ஒரு தக்காளிச் செடியை நட்டுக் காட்டும். ‘ஆக்மென்டட் ரியாலிட்டி’ விளையாட்டுகள் பலவும் இப்படித்தான் இயங்குகின்றன. 2016இல் போக்கிமான் கோ தெருவெங்கும் பொம்மை உயிர்களை உலவவிட்டது. நகரத்துப் பிள்ளைகளுக்கு இதைக்கொண்டு விவசாயம் கற்பிக்கலாம் என்கிறார்கள். கற்பிக்கலாம்தான். எத்தனை பை வைக்கலாம், எது எவ்வளவு படரும் என்பதைக் காசு செலவழிக்கும் முன்பே பார்த்துவிடலாம். விடுதி அறையில் இருக்கும் மாணவிக்கு அது சிறிய உதவியல்ல.

என் கேள்வி வேறு. தளம் சமமாக இருக்கிறதா என்று பார்க்கும் கேமரா, அது யாருடையது என்று கேட்பதில்லை. விழுப்புரத்தில் வாடகைக்குக் குடியிருப்பவளுக்கு மாடிச் சாவி வீட்டுக்காரரிடம். ஊரில் நிலம் இருந்தாலும் பட்டா பெரும்பாலும் அப்பா பெயரில், இல்லையென்றால் அண்ணன் பெயரில். தமிழ்நாடு 1989இல்தான் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு தந்தது. அதற்கு முன்பே மணமாகிப் போனவர்களை அதுவும் விட்டுவிட்டது.

அறிவின் கதையும் இதுதான். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் தந்த நிலக்கடலை ரகங்கள், ஊரின் பெயரைச் சுமந்து ‘டி.எம்.வி.’ என்று வழங்குகின்றன. எங்கள் பக்கத்தில் அது மல்லாட்டை. செடியிலிருந்து காயைப் பிரிப்பதை ‘மல்லாட்டை ஆய்வது’ என்போம். வெயிலில் குந்தி ஆய்பவர்கள் பெண்கள். ஆய்வுக்கும் ஆய்வதற்கும் வேர்ச்சொல் ஒன்றே. ஒன்றுக்குப் பட்டம், இன்னொன்றுக்குக் கூலி. பொக்கு எது, முற்றியது எது என்று விரல் நுனியில் அறிபவளை யாரும் ஆசிரியர் என்று அழைத்ததில்லை.

திரையில் தண்ணீர் ஊற்றினால் புள்ளி கிடைக்கும். வீட்டிலோ? 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் தருகிறாள். ஆண் 97 நிமிடம். இதற்குப் புள்ளி கிடையாது. விளையாடிய ஆர்வத்தில் மகன் தோட்டக்கலைத் துறையின் மாடித்தோட்டத் தளையை வாங்கி விதை போடுகிறான். தேர்வு வந்ததும் மறக்கிறான். பிறகு யார் தண்ணீர் ஊற்றுவது? அம்மாவின் 299 நிமிடத்தோடு இன்னொரு கால்மணி சேர்கிறது.

பெண்களின் அக்கறையைப் போற்றிப் பாட இதை எழுதவில்லை. போற்றுவதும் வேலையை அவள் தலையில் கட்டும் ஒரு வழிதான். அக்கறை பிறவிக் குணமல்ல, பழக்கம். ஆண்பிள்ளைகளும் அதைக் கற்கலாம் என்பதால்தான் இந்த விளையாட்டை நான் ஒதுக்கவில்லை. ஆனால் திரைச் செடி வாடினால் மீண்டும் தொடங்கிவிடலாம். முறை வைத்து நிஜச் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போதுதான் பொறுப்பு பழகும்.

உங்களில் யாராவது இப்படியொரு விளையாட்டை வடிவமைக்கப் போனால், செடி நடும் முன் இரண்டு கேள்விகள் திரையில் வரட்டும்: இந்த இடம் யார் பெயரில்? நாளைக்குத் தண்ணீர் ஊற்றுவது யார் முறை? களையும் காயும் அறிந்த பெண்களை அழைத்துக் கேளுங்கள். அதற்குக் கூலி வேண்டாம். ஆசிரியருக்குரிய சம்பளம் கொடுங்கள்.