கேட்டுப் பெறும் அமானிதம்

பதவியைக் கேட்டுப் பெறலாமா என்னும் வினா மார்க்க அறிஞர்களுக்குப் புதியதன்று. அப்துர் ரஹ்மான் பின் சமுரா (ரலி) அவர்களிடம் நாயகம் (ஸல்) அவர்கள், தலைமையைக் கேட்டுப் பெற வேண்டாம் என்றும், கேட்டுப் பெற்றவர் அதன் சுமையோடு தனித்து விடப்படுவார் என்றும், கேளாமல் பெற்றவருக்கு இறையுதவி உண்டு என்றும் அறிவுறுத்தியதை ஹதீஸ் பாடத்தில் ஓதியிருக்கிறோம். இக்காலத் தேர்தல் முறையோ கேளாதவருக்கு எதையும் தருவதில்லை. அவ்வாறாயின் பேணுதலுள்ள முஸ்லிம் ஒருவர் தேர்தலில் நிற்பது தகுமா? அதிலும், பிழைப்பு நாடி அயல்நாடு சென்று, அங்கே தம் சமுதாயத்தாருக்குத் தலைவராக விளங்கும் ஒருவர், அவ்வூர் நகர்மன்றத்துக்குப் போட்டியிடுவது தகுமா? நாம் ஆராயப் புகும் பொருள் இதுவே.

திருமறையிலேயே கேட்டுப் பெற்றவர் ஒருவர் இருக்கிறார். அவர் யூசுப் நபி (அலை) அவர்கள். மிஸ்ரு நாட்டின் களஞ்சியங்களுக்குத் தம்மைப் பொறுப்பாக்குமாறு மன்னனிடம் அவர்களே கேட்டார்கள். அவர்கள் அந்நாட்டில் பிறந்தவர்களல்லர். அடிமையாக விற்கப்பட்டு வந்து, சிறையும் கண்டவர்கள். அவ்வாறு கேட்டபோது தம் தகுதியாக இரண்டையே முன்வைத்தார்கள்: ஒன்று, காக்கும் திறன், மற்றொன்று, அறிவு. யஃகூப் நபியின் மைந்தன் என்று குலத்தைச் சொல்லவில்லை. பட்ட துன்பத்தைக் காட்டிப் பரிவு தேடவுமில்லை. உரிமை அழியும் நிலையில், அதைக் காக்கத் தம்மால் இயலும் என்று அறிந்தவர் பொறுப்பைக் கேட்பது குற்றமன்று என முஃபஸ்ஸிர்கள் இதிலிருந்து விளக்கம் தந்தனர். தன்னலத்துக்காகக் கேட்பதே விலக்கப்பட்டது என்பது அவர்கள் கண்ட முடிபு.

இவ்விளக்கத்தை ஏட்டளவில் நிறுத்தாமல், ஓர் ஊரின் வரலாற்றில் வைத்துப் பார்ப்போம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் மாநகரம் பெரும்பாலும் சூழ்ந்து நிற்க, சுமார் 2 சதுர மைல் பரப்பில் அமைந்தது ஹாம்ட்ராமிக். 1910-இல் அங்கு வாழ்ந்தோர் சுமார் 3,500 பேர். டாட்ஜ் சகோதரர்களின் மோட்டார் ஆலை வந்ததும், 1920-க்குள் அத்தொகை 48,000-ஐக் கடந்தது. வந்தவர்களுள் பெரும்பாலோர் போலந்து நாட்டுக் கத்தோலிக்கர். 1922-இல் அது நகரமானபோது, முதல் மேயராக வந்தவர் பீட்டர் ஜெஸெவ்ஸ்கி என்னும் போலந்து வழியினரே. 1980-இல் அவ்வாலை மூடப்பட்டது. போலந்து வழியினர் பலர் வெளியேற, அவர்கள் விட்டுச் சென்ற வீடுகளில் யமன் நாட்டவரும் வங்காளதேசத்தவரும் பெருமளவில் குடியேறினர்.

1999 தேர்தலில் வாக்களிக்கச் சென்ற இவர்களுள் பலர், தோலின் நிறத்தையும் அரபுப் பெயரையும் காரணமாக்கி வாக்குச்சாவடியிலேயே தடுக்கப்பட்டனர். குடிமக்கள்தாம் என்று சத்தியம் செய்த பிறகே அவர்கள் வாக்களிக்க முடிந்தது. அமெரிக்க நீதித்துறை வழக்குத் தொடுத்ததும், 2000-இல் நகர நிர்வாகம் அம்முறைகேட்டைத் திருத்திக்கொள்ள உடன்பட்டது. 2001-இல் ஷஹாப் அஹ்மத் என்னும் வங்காளதேசத்தவர் நகர்மன்றத்துக்கு நின்றார். செப்டம்பர் 11 தாக்குதல் நடந்து சில வாரங்களே ஆகியிருந்தன. அக்கொடியவர்களோடு அவரைத் தொடர்புபடுத்தித் துண்டு அறிக்கைகள் பரப்பப்பட்டன, அவர் தோற்றார். 2003-இல் மீண்டும் நின்று வென்று, அம்மன்றத்தின் முதல் முஸ்லிம் உறுப்பினரானார். இத்தகையவர் வாக்குக் கேட்டதைப் பதவி வேட்கை என்று நாம் தள்ளிவிட முடியுமா? சத்தியம் செய்தால்தான் குடிமகன் என்று சொல்லப்பட்டவர்களின் உரிமையைக் காக்க ஒருவர் முன்வந்தார் என்று கொள்வதே முறை.

எனினும் பதவியைக் கேட்பதைவிடப் பெற்றபின் நடப்பதே கடினம். நம் ஃபிக்ஹு நூல்கள் வக்கீலையும் காழியையும் வேறுபடுத்திப் பேசும். தம்மை நியமித்தவருக்காக வாதாடுவது வக்கீலின் கடமை. ஒரு பக்கம் சார்வதே அங்கு நேர்மை. காழியோ தம் தந்தைக்கோ மகனுக்கோ சார்பாகத் தீர்ப்பளித்தால் அத்தீர்ப்பே செல்லாது. சமுதாயத் தலைவர் வக்கீலைப் போன்றவர். நகர்மன்றத்துக்குள் நுழைந்தபின் அவர் காழியை ஒத்துவிடுகிறார். தெருவிளக்கும் குடிநீரும் வரிப்பணமும் அவருக்கு வாக்களிக்காதவருக்கும் உரியவை. நேற்றுவரை அவரை உயர்த்திய அதே குணம் இன்று அவரைத் தாழ்த்திவிடக்கூடும்.

‘அப்படியானால் எங்களுக்காகப் பேசுவதற்கென்றே அவரை அனுப்பினோமே, அவர் வாய் மூடி இருப்பதா?’ என்று சமுதாயத்தார் கேட்பர். நியாயமான கேள்விதான். பேசட்டும், ஆனால் தமக்குக் கேட்கும் நீதியைப் பிறருக்கும் அதே அளவையால் அளக்கட்டும். 2004-இல் ஒலிபெருக்கியில் பாங்கு சொல்ல அம்மன்றம் ஒருமனதாக வழிவகுத்தது. பாங்கையும் தேவாலய மணியையும் ஒரே விதியின்கீழ் அது வைத்தது. எதிர்த்தோர் அதைப் பொது வாக்கெடுப்புக்குக் கொண்டு சென்றபோதும், முஸ்லிம்கள் சிறுபான்மையராக இருந்த அவ்வூர் அவ்விதியை நிலைநிறுத்தியது. அன்று மன்றத் தலைமையில் இருந்து ஆதரவளித்தவர் கேரன் மஜெவ்ஸ்கி என்னும் போலந்து வழிப் பெண்மணி. பின்னர் அவரே மேயரானார்.

காலம் சுழன்றது. 2015 தேர்தலில் மன்றத்தின் பெரும்பான்மை இடங்கள் முஸ்லிம்களுக்குக் கிடைத்தன. 2021-இல் யமனில் பிறந்த ஆமிர் காலிப், மஜெவ்ஸ்கியை வென்றார். 2022 ஜனவரியில் அமைந்த மன்றத்தின் 6 உறுப்பினரும் மேயரும் முஸ்லிம்களே. 2023 ஜூன் மாதத்தில், எந்தச் சமய, இன, அரசியல், பாலினப் பிரிவின் கொடியும் நகரின் பொது இடங்களில் பறக்கலாகாது என்று அம்மன்றம் தீர்மானித்தது. அதற்குமுன் நகரில் ஏற்றப்பட்டிருந்த ஓரினச் சேர்க்கையாளரின் கொடியே இதன் இலக்கு என்பதை எல்லோரும் அறிந்திருந்தனர். கூடியிருந்தோர் பலர் ஆரவாரித்தனர். பாங்குக்காகத் தோள் கொடுத்தவர்கள் சிலர், தாம் கைவிடப்பட்டதாக வருந்தினர்.

அந்த வாழ்க்கை முறை குறித்து மார்க்கத்தின் தீர்ப்பு என்ன என்பதில் நமக்கு ஐயமில்லை. அதை இங்கு எடைபோடவும் நாம் வரவில்லை. விதியும் எல்லாப் பிரிவினருக்கும் பொதுவாகவே எழுதப்பட்டது. ஆயினும் நகர்மன்றம் மிம்பர் அன்று. மிம்பரில் நின்று ஹலாலையும் ஹராமையும் சொல்பவர் சொல்லட்டும். மன்ற நாற்காலியில் அமர்ந்தவர் தம்மைத்தாமே கேட்க வேண்டியது வேறு: நமக்கு உவப்பில்லாத அந்த அண்டை வீட்டாரின் முறையீடு, நம் ஜமாஅத்தாரின் முறையீட்டைப் போலவே செவிமடுக்கப்படுகிறதா? அவர் அச்சமின்றித் தெருவில் நடக்கிறாரா? ஒரு கூட்டத்தார்மீது உள்ள வெறுப்பு நீதியிலிருந்து வழுவச் செய்துவிடக் கூடாது என்று திருமறை எச்சரிப்பது யாரை நோக்கி? அதிகாரம் உடையவர்களை நோக்கியே. அதிகாரம் இல்லாதவனின் வெறுப்பு பெரும்பாலும் அவன் நெஞ்சையே சுடும். அதிகாரம் உடையவனின் வெறுப்பு விதியாகி ஊரையே சுடும். வள்ளுவர் நடுவு நிலைமைக்கெனத் தனி அதிகாரம் வகுத்ததும் பகையும் நட்பும் தீர்ப்பைச் சாய்க்கும் என்பதை அறிந்தே.

யூசுப் நபி (அலை) அவர்களின் களஞ்சியத்துக்கு, அவர்களைக் கிணற்றில் தள்ளிய தமையன்மாரும் தானியம் வேண்டி வந்தனர். பழிதீர்க்க அதிகாரம் இருந்தும் அவர்கள் அளவையில் குறைக்கவில்லை. உறவென்று கருதி வரம்பு மீறி வழங்கவுமில்லை. ஆளுக்கோர் ஒட்டகச் சுமை என்பதே அளவாக இருந்தது. நேற்றைய அநீதியை நினைத்து மரக்கால் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. வாக்குச்சாவடியில் தடுக்கப்பட்டவர்களின் மக்கள் நாற்காலியில் அமரும்போது கற்க வேண்டிய பாடம் இதுவே. இப்பாடம் அவ்வூருக்கு மட்டும் உரியதன்று; நாம் சிறுபான்மையராகவும் பெரும்பான்மையராகவும் வாழும் எல்லா ஊர்களுக்கும் உரியது.

ஆகவே நிற்கலாம்; வாக்கும் கேட்கலாம். ஆனால் கேட்குமுன், தமக்கு வாக்களிக்காதவரும் நாளை மஹ்ஷரில் தம்மிடம் கணக்குக் கேட்பார் என்பதை உள்ளத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். களஞ்சியத்தைக் கேட்டுப் பெற்ற அந்த நபி, ஆட்சியை அடைந்தபின் இறைவனிடம் கேட்டது மேலும் பதவியை அன்று. முஸ்லிமாக மரித்து, நல்லோருடன் சேர்வதையே வேண்டினார்கள். பதவியைக் கேட்கும் நாவுக்கு இந்த துஆவும் பழகியிருக்க வேண்டும். அல்லாஹ்வே மிக அறிந்தவன்.